அத்தைக்கு எத்தனை வழி?

முக்கூடல் என்றதும் 'முக்கூடற்பள்ளு' ஞாபகம் வரும் தமிழாசிரியர்கள் மன்னிக்க. பள்ளு பாடிய முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம். நான் சொல்வது, தாமிரபரணிக் கரையில் பீடிக்குப் பேர்போன முக்கூடல். அங்கே என் அத்தை இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது. சுளகை மடியில் வைத்து ஐம்பது வருஷம் பீடி சுற்றிய கை. இப்போது கண்ணில் புரை. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பத்து மணிக்குள் போனால்தான் டோக்கன்.

முந்தைய நாள் சாயங்காலம் டீக்கடையில் நின்றபடி, "பாளையங்கோட்டைக்கு எந்த வழி சீக்கிரம்?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது.

"பேட்டை, டவுன் வழியா போங்க அண்ணாச்சி. அதான் நேர் ரோடு" என்றார் ஒருவர். "கெட்டுது போ. டவுனுக்குள்ள மாட்டுனா மதியம்தான். சேரன்மகாதேவி போயி பத்தமடை, மேலப்பாளையம்னு சுத்துங்க. ஆத்துப் பாலமும் வேண்டாம், ஜங்ஷனும் வேண்டாம்" என்றார் வேன் ஓட்டுகிறவர். மூன்றாமவர் ஒருபடி மேலே போய், "வடக்க ஆலங்குளம் ஏறுங்க. தென்காசி ரோடு நாலுவழி. பறந்துருவீய" என்றார். ஊர் பேருக்கு ஏற்ற மாதிரி மூணு வழி. மூணு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் நானும் அத்தையும் பஸ்ஸில் கிளம்பினோம். பக்கத்து வீட்டுத் தம்பி அதே நேரத்தில், அதே பாளையங்கோட்டைக்கு, காரில் தனியாகக் கிளம்பினார். "வாங்களேன்" என்று அவரும் கூப்பிட்டார். காரில் ஏறினால் அத்தைக்குத் தலைசுற்றும் என்பதால் பஸ்ஸே கதி.

டவுனை நெருங்கியதும் பஸ் நின்றது. நகர்ந்தது. நின்றது. கால்மணி நேரம், அரைமணி நேரம். அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏய்யா, டிரைவர் தம்பி வேற வழியா திருப்பக் கூடாதோ?"

கண்டக்டர் காதில் விழுந்துவிட்டது. "ஆச்சி, இது பஸ்ஸு, ஆட்டோ இல்ல. ரூட்டு மாத்துனா எனக்கு வேலை போயிரும்."

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். டோக்கன் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பக்கத்து வீட்டுத் தம்பியிடமிருந்து போன். "டவுன்ல ஜாம்னு செல்போன் மேப் காட்டுச்சு. சேரன்மகாதேவி வழியா சுத்துனேன். மேலப்பாளையத்துல மாட்டிக்கிட்டேன். இப்பதான் வந்தேன். எல்லாப் பயலும் அதே வழில வந்துட்டானுங்க!"

"எல்லாப் பயலும்" என்பதில் அவரும் ஒருவர் என்பதை நான் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் காலை வேளைகளில் நம்ம ஊரில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். 'நம்ம சனங்களுக்கு ஒழுங்கே கிடையாது சார்.' அதிகாரி சொல்வார், பேப்பர் சொல்லும், சிங்கப்பூர் போய் வந்தவர் கட்டாயம் சொல்வார். அடுத்த வசனமும் தயாராக இருக்கும். 'ரோட்டை அகலப்படுத்தணும், ஒரு மேம்பாலம் போட்டா சரியாயிடும்.'

இரண்டுமே அரைகுறை என்பது என் கட்சி. சிக்னல் தாண்டுகிறவனையும் தப்பான பக்கம் வருகிறவனையும் நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் எல்லாரும் புத்தர் மாதிரி ஓட்டினாலும் நெரிசல் வரும். ஒவ்வொருத்தனும் தன் அறிவுக்கு எட்டியவரை சரியான வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறான். அந்தச் சரிகளெல்லாம் ஒன்றுசேர்ந்துதான் நெரிசலாகின்றன.

இதை 1952-லேயே ஒருவர் கணக்காக எழுதிவைத்துவிட்டார். ஜான் வார்ட்ராப் என்ற பிரிட்டிஷ்காரர், அங்கே சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் சொன்னது இவ்வளவுதான். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இரண்டு வழி இருந்தால், எதில் சீக்கிரமோ அதில் ஆள் ஏறும். ஆள் ஏற ஏற அந்த வழி மெதுவாகும். இப்படியே மாறி மாறி, கடைசியில் இரண்டு வழியிலும் ஒரே நேரம் ஆகிறவரை போகும். அதற்கப்புறம் வழி மாற்றுவதால் யாருக்கும் லாபமில்லை. எல்லாரும் அப்படியே நிற்பார்கள்.

டவுன் வழியில் நாங்கள் நின்றதும், மேலப்பாளையம் வழியில் தம்பி நின்றதும், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததும் வார்ட்ராப் சொன்னபடிதான். ஒரு ஒழுங்கீனமும் இல்லை.

அவர் இரண்டாவதாக ஒன்றும் சொன்னார். அதைத்தான் நம் ஆட்கள் படிக்கவில்லை, அல்லது படித்து மறந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தரும் தனக்குத் தனக்கு என்று தேர்ந்தெடுத்து வந்து நிற்கிற நிலைமையும், ஊர் முழுக்கச் செலவாகும் மொத்த நேரம் குறைவாக இருக்கிற நிலைமையும் ஒன்றல்ல. தனித்தனியே எல்லாரும் புத்திசாலி, மொத்தமாகப் பார்த்தால் ஊருக்கு நஷ்டம். இதற்கு ஒழுக்கப் பாடம் மருந்து ஆகாது.

அகலப்படுத்தினால்? திருநெல்வேலி - தென்காசி ரோட்டை நாலுவழியாக்கினார்கள். வேண்டிய வேலைதான். இரண்டு வழியில் லாரிக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்து ஓவர்டேக் பண்ணியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த ரோடு வந்து முடிகிற பழையபேட்டைக்கும் டவுனுக்கும் அகலம் எங்கிருந்து வரும்? நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளை இடித்தா நாலுவழி போட முடியும்? ஊருக்கு வெளியே சீக்கிரமாக வந்து, ஊர் வாசலில் சேர்ந்து நிற்கிறோம். புனலின் வாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும், எண்ணெய் இறங்குவது கீழே உள்ள குழாயின் அளவுக்குத்தான்.

அப்படியே எல்லாவற்றையும் அகலப்படுத்திவிட்டால் தீருமா என்றால், அதையும் அமெரிக்காவில் செய்து பார்த்துவிட்டார்கள். டியூரன்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடியதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடியது என்று காட்டினார்கள். ரோடு காலியாக இருக்கிறதே என்று நேற்றுவரை பஸ்ஸில் போனவர் வண்டியை எடுப்பார். ஏழு மணிக்குக் கிளம்பியவர் எட்டரைக்குக் கிளம்புவார். வழி தேர்வு என்பது எந்த ரோடு என்பது மட்டுமல்ல. போவதா வேண்டாமா, எப்போது, எதில் என்பதும் அதில் அடக்கம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. புது ரோடு போட்டதாலேயே எல்லாருக்கும் தாமதம் ஆகலாம். நான் கதை விடவில்லை. டீட்ரிஷ் பிராஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1968-இல் நிரூபித்தது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஓர் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 1000 வண்டி போக வேண்டும். இரண்டு வழி. வடக்கு வழியில் முதலில் ஒரு குறுகல் பாலம், அப்புறம் அகல ரோடு. தெற்கு வழியில் முதலில் அகல ரோடு, அப்புறம் ஒரு குறுகல் பாலம். அகல ரோட்டில் எத்தனை வண்டி வந்தாலும் 22 நிமிஷம். குறுகல் பாலத்தில் 50 வண்டிக்கு ஒரு நிமிஷம் வீதம் ஆகும். பாதிப் பாதியாகப் பிரிந்து போவார்கள். பாலம் 10 நிமிஷம், ரோடு 22, ஆக மொத்தம் 32 நிமிஷம்.

இப்போது ஒரு புண்ணியவான், வடக்குப் பாலம் முடியும் இடத்திலிருந்து தெற்குப் பாலம் தொடங்கும் இடத்துக்கு ஓர் இணைப்புச் சாலை போட்டுத் திறந்துவைக்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடலாம். மாலை, மேளம், கட்-அவுட் எல்லாம் உண்டு. இனி வண்டிக்காரர் எப்படி யோசிப்பார்? 'குறுகல் பாலத்தில் ஆயிரம் வண்டியும் வந்தால்கூட 20 நிமிஷம்தான். அகல ரோட்டில் 22. நான் ஏன் அகல ரோட்டில் போகணும்?' நியாயமான யோசனை. ஆயிரம் பேரும் அதையே யோசித்து, முதல் பாலம், இணைப்புச் சாலை, இரண்டாவது பாலம் என்று போகிறார்கள். 20-ம் 20-ம் 40 நிமிஷம்! பழைய வழிக்கே போகலாம் என்று ஒருத்தர் மட்டும் திரும்பினால் அவருக்கு 42. ஆகவே யாரும் திரும்ப மாட்டார்கள். கோடி ரூபாய் செலவழித்து, ஆளுக்கு 8 நிமிஷம் நஷ்டத்தைக் கட்டித் தந்திருக்கிறோம்.

எல்லாப் புது ரோடும் இப்படி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகலாம் என்பதால், போடுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. தென்கொரியாவின் சோல் நகரத்தில், சோங்ஙேசோன் என்ற ஓடையின் மேல் கட்டியிருந்த பறக்கும் சாலையை 2003-இல் இடிக்க ஆரம்பித்து, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். பஸ் வசதியையும் சேர்த்துச் சீர்செய்தார்கள். நகரம் ஸ்தம்பிக்கவில்லை. மக்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள், வண்டியை மாற்றிக்கொண்டார்கள்.

சரி, நம் ஊரில் கணக்கே போடுவதில்லையா என்றால், போடுகிறார்கள். ரோட்டோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளைக் கோடு கிழித்து எண்ணும் பையன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தகராறு, எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்.

ரோடு போடுவதற்கான விதிமுறைகளை எழுதுவது 1934-இல் தொடங்கிய இந்தியச் சாலைக் காங்கிரஸ். கட்சி அல்ல, பொறியாளர்களின் அமைப்பு. கார், பஸ், சைக்கிள், மாட்டுவண்டி எல்லாம் கலந்து போகிற நம் ரோட்டில் எதை எப்படி எண்ணுவது? அதற்கு அவர்கள் கண்ட வழி, எல்லாவற்றையும் காராக மாற்றி எண்ணுவது. ஊர்ப்புறச் சாலைகளுக்கான 1990-ஆம் ஆண்டு விதிமுறையில் ஒரு கார் ஒன்று. டூவீலர் அரை. பஸ் மூன்று. பஸ் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் வேகத்தையும் பார்த்தால், மூன்று கார் என்பது நியாயமான கணக்காகவே இருக்கலாம்.

ஆனால் பஸ்ஸுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் அறுபது பேராவது இருந்தோம். பீடிக்கடைக்குப் போன பெண்கள், காலேஜ் பிள்ளைகள், மடியில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. மூன்றை அறுபதால் வகுங்கள். அத்தையின் பங்கு, ஒரு காரில் இருபதில் ஒரு பாகம். பக்கத்து வீட்டுத் தம்பி காரில் தனியாக வந்தார், அவர் பங்கு முழுசாக ஒரு கார். அத்தையைப் போல இருபது மடங்கு ரோட்டை அவர் எடுத்துக்கொண்டார். காத்திருந்த நேரம் மட்டும் இருவருக்கும் சமம்.

தம்பியைக் குறை சொல்லவில்லை. தங்கமான பிள்ளை. நான் கேட்பது, நெரிசலை உண்டாக்குவதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாதவள், அதன் தண்டனையில் முழுப் பங்கு ஏன் அனுபவிக்க வேண்டும்? தம்பிக்கு மூணு வழி இருந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், தப்பாகப் போச்சு, பரவாயில்லை. அத்தைக்கு இருந்தது ஒரே வழி. அதையும் அவள் தேர்ந்தெடுக்கவில்லை.

வழி தேர்வைப் பற்றிய கணக்கு வார்ட்ராப்போடு நின்றுவிடவில்லை. மனிதன் எல்லாம் தெரிந்த கம்ப்யூட்டர் அல்ல, அவனுக்குத் தெரிந்ததை வைத்து, பழக்கத்தை வைத்து, சில சமயம் தப்பாகவும் தேர்ந்தெடுப்பான் என்பதைப் பின்னால் வந்தவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். பல வாய்ப்புகளில் ஒன்றை மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அளக்க வழி சொன்னதற்காக டேனியல் மெக்ஃபேடன் 2000-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் புது ரயில் வந்தால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே கணித்தது அவர் செய்த வேலைகளில் ஒன்று.

இந்தக் கணக்குகளின் நடுவே ஒரு சின்ன எண் உட்கார்ந்திருக்கிறது. ஒருவருடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? நேரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் எந்த ரோட்டுக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். மிச்சமாகும் நேரத்தை ரூபாயாக மாற்றினால்தானே லாபக் கணக்கு வரும்? சம்பளத்தை வைத்து விலை போட்டால், கார்க்காரரின் ஒரு மணி நேரம் ஒசத்தி. பீடி சுற்றுகிறவளின் ஒரு மணி நேரம் மலிவு. அத்தை மாதிரி வீட்டில் இருக்கும் கிழவியின் நேரம்? அநேகமாக ஓசி. அப்படி ஒரு கணக்கில் எந்த ரோடு லாபமாகத் தெரியும், எந்த பஸ் நஷ்டமாகத் தெரியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நேரத்துக்கு ஆளுக்கு ஒரு விலை என்பதைப் பார்க்க நோபல் பரிசு வேண்டாம். நாங்குநேரி டோல்கேட்டுக்கோ கயத்தாறு பக்கம் சாலைப்புதூர் டோல்கேட்டுக்கோ போகும் ஒரு லாரிக்காரரைக் கேளுங்கள். கையில் கொடுத்த பேட்டாவில் மிச்சம் பிடிக்க வேண்டியவர், பத்து கிலோமீட்டர் சுற்றினாலும் ஊருக்குள் புகுந்து போகலாமா என்றுதான் பார்ப்பார். வழியில் சாப்பாட்டுக்கடை, செக்போஸ்ட், ஸ்பீடு பிரேக்கர், ராத்திரி தூக்கம் எல்லாமே அவர் கணக்கில் உண்டு. ஆகவே நாலுவழிச் சாலை பக்கத்தில் இருந்தும் கிராமத்துக் குறுக்குச் சாலை உடைகிறது. ரோடு போட்ட இன்ஜினீயருக்கு இது ஆச்சரியம். லாரிக்காரருக்கு இது வயிற்றுக் கணக்கு.

இப்போது செல்போன் மேப் வேறு. முன்பெல்லாம் குறுக்குவழி என்பது உள்ளூர்க்காரனின் சொத்து. இன்றைக்கு அது எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது. ஒரே நேரத்தில் நூறு பேருக்கு 'இந்தத் தெருவில் திரும்பு' என்று சொன்னால், கோலம் போடுகிற தெருவும் பைபாஸ் ஆகிவிடும். அமெரிக்காவில் லியோனியா என்ற சின்ன ஊர், இதைத் தாங்க முடியாமல் 2018-இல் காலை, மாலை வேளைகளில் தன் தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடிவைத்தது. வழக்கு, வம்பு எல்லாம் வந்தது. அந்த மேப் ஒவ்வொருத்தருக்கும் அவரவர் வேகமான வழியைச் சொல்கிறது. ஊருக்கு எது நல்லது என்று அது சொல்வதில்லை. அது ஊர் சார்பில் யாராவது செய்ய வேண்டிய வேலை. அதற்குத்தான் நாம் வரி கட்டி மாநகராட்சி, நெடுஞ்சாலைத்துறை, டிராஃபிக் போலீஸ் எல்லாம் வைத்திருக்கிறோம்.

"அப்போ ரோடே போட வேண்டாங்கிறீரா வேய்? மேற்குப் பைபாஸ் வேண்டாமா?" என்று நெல்லை நண்பர் ஒருவர் பாய்ந்தார். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பல வருஷமாகப் பேசப்பட்டு வரும் பைபாஸ் அது. ஊருக்குள் வேலையே இல்லாத லாரி ஊருக்கு வெளியே போவதில் யாருக்கு ஆட்சேபம்? தவிர, மாற்றுவழி என்பது பீக் அவர் நெரிசலுக்கு மட்டுமல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பொங்கி ஜங்ஷனையே மூழ்கடித்தபோது, எந்த ரோடு அறுந்திருக்கிறது, எது போகும் என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு இரண்டாவது வழியின் அருமை புரியும். சாதாரண நாளின் லாப நஷ்டத்தில் அது அடங்காது.

நான் கேட்பது, டவுனுக்குள் நெரிசலில் நிற்கிற வண்டிகளில் எத்தனை, ஊருக்குள் வேலை இல்லாமல் தாண்டிப் போகிறவை? எத்தனை, டவுனுக்கே வருபவை? வண்டியை நிறுத்தி 'எங்கிருந்து எங்கே?' என்று கேட்டால்தான் தெரியும். டவுனுக்கே வருகிறவர்கள்தான் அதிகம் என்றால், எத்தனை பைபாஸ் போட்டாலும் டவுன் அப்படியேதான் இருக்கும். கேட்டிருக்கலாம். திட்ட அறிக்கையில் எழுதியும் இருக்கலாம். அதை நம் கண்ணில் யார் காட்டினார்கள்?

திட்ட அறிக்கையில் உள்ள எண் வேதவாக்கும் அல்ல. பென்ட் ஃப்ளைவ்பியர் என்ற டென்மார்க் பேராசிரியரும் அவர் சகாக்களும் 14 நாடுகளில் 210 திட்டங்களை எடுத்து, முன்னால் கணித்த எண்ணையும் பின்னால் வந்த எண்ணையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். ரோட்டுத் திட்டங்களில் பாதிக்குப் பாதி, கணிப்புக்கும் நிஜத்துக்கும் 20 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம். ரயில் திட்டங்கள் இன்னும் மோசம். பத்தில் ஒன்பதில் வராத கூட்டத்தை வரும் என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் 2010-இல் திறந்த ஒரு கட்டணச் சுரங்கச் சாலையில் கணித்த கூட்டம் வராமல், மறு வருஷமே அதை நடத்திய கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது. கணித்துக் கொடுத்தவர்கள் மீது முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். அங்கே பணம் போட்டவன் கேட்டான். இங்கே பணம் போடுகிறவர்கள் நீங்களும் நானும். நாம் கேட்பதில்லை.

ஆகவே மூணு கோரிக்கை. முக்கூடல் அல்லவா, மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று, எந்த மேம்பாலம், பைபாஸ் போடுவதற்கு முன்னாலும் அதன் போக்குவரத்துக் கணிப்பைத் தமிழில், பத்துப் பக்கத்தில், ஊர் பார்க்க வெளியிடுங்கள். எத்தனை வண்டி, எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிஷம் மிச்சம். தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய ராணுவ ரகசியமா இது? ரோடு திறந்து ஐந்து வருஷம் கழித்து அதே ரோட்டில் மறுபடி எண்ணி, சொன்னது நடந்ததா என்றும் வெளியிடுங்கள். தப்பாகியிருந்தால் குற்றமில்லை. தப்பென்று தெரியாமலே அடுத்த பாலத்துக்கு அதே கணக்கைப் போடுவதுதான் குற்றம்.

இரண்டு, வண்டியை எண்ணுவது போதும், ஆளை எண்ணுங்கள். இது என் சொந்தச் சரக்கல்ல. மத்திய அரசு 2006-இல் எழுதிய தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, நகர்த்த வேண்டியது மனிதர்களை, வாகனங்களை அல்ல என்றுதான் சொன்னது. எழுதியதோடு கடமை முடிந்தது. பஸ்ஸில் அறுபது பேர் என்றால் அறுபது. நடந்து ரோட்டைக் கடக்கிறவர் ஒன்று. அந்த எண் முதல் பக்கத்தில் வரட்டும்.

மூன்று, வழி மாற்ற முடியாதவனுக்கு வழி விடுங்கள். டவுன் தெருக்களில் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட அகலம் இல்லை, தெரியும். ஆனால் பஸ் போகிற தெருவில் கார் நிறுத்தாமல் இருக்க அகலம் தேவையில்லை. ஒருவழிப் பாதை ஆக்கும்போதெல்லாம் பஸ்ஸைத்தான் சுற்ற விடுகிறார்கள். ஏன், கார் சுற்றட்டுமே? அதற்குப் பெட்ரோலும் இருக்கிறது, மேப்பும் இருக்கிறது. பஸ் நேரே போகட்டும். சிக்னலில் பஸ் வரும்போது பச்சையை நாலு விநாடி நீட்டினால் யார் குடி முழுகிவிடும்?

டெல்லியில் 2008-இல் பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டபோது கார்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2012-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளியது. ஆனாலும் சில வருஷங்களில் அந்தப் பாதையை அரசாங்கமே பிய்த்துப் போட்டது. அந்தப் பாதையில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் யார் சத்தம் சபைக்கு எட்டுகிறது என்பதையும் பாருங்கள். நெல்லையில் ஜங்ஷன் பஸ் நிலையம் ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக இடிக்கப்பட்டு வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது. வெயிலில் ரோட்டோரம் நின்று பஸ் ஏறினார்கள் சனங்கள். கார் நிறுத்தும் இடம் ஒன்றை அத்தனை வருஷம் மூடிவைக்க முடியுமா இந்த ஊரில்?

இந்த ஊருக்கு இது தெரியாத பாடமும் அல்ல. 1973-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தைப் பாருங்கள். பெரிய வண்டி மேலே, சின்ன வண்டி கீழே என்று யோசித்துக் கட்டியது. இன்னும் பின்னால் போனால் சுலோசன முதலியார் பாலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டை, இந்தப் பக்கம் திருநெல்வேலி. நடுவே படகுக்காகச் சனங்கள் கரையில் காத்துக் கிடந்த காலம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-இல் திறந்தது. அவரிடம் கணிப்பொறி இல்லை, வார்ட்ராப் பிறக்கவே இல்லை. யார் கரையில் காத்து நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார்.

அடுத்த வாரம் அத்தைக்கு மறுபடி டோக்கன் போட வேண்டும். "இந்தத் தடவை எப்படிப் போவோம் அத்தை?" என்றேன் போனில்.

"எப்பவும் போல பஸ்லதான்யா. ரெண்டு பஸ்ஸு முந்தியே வந்து நின்னுக்கிடுதேன்" என்றாள்.

அவள் கணக்கு அவ்வளவுதான். காலை அஞ்சரை மணிக்கு, இருட்டில், முக்கூடல் பஸ் ஸ்டாப்பில் ஒரு கிழவி நிற்பாள். வண்டிகளை எண்ணுகிற பையன்கள் அந்தப் பக்கம் வந்தால், அவளையும் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.